தட்டையும் மாரும் கழிவல்ல!
பூலாம்பாடி வட்டாரத்தில் பயிர் ஆராய்ச்சி செய்ததும் செய்ய வேண்டியதும்

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டி அமைந்த பேரூர் பூலாம்பாடி. மலையோரத்தில் செம்மண்ணும், சமவெளியில் கரிசலுமாக இரண்டு வகை நிலமும் கலந்து கிடக்கும் பகுதி இது. ஆற்றுப் பாசனம் இல்லை. கிணறு வைத்திருப்பவர் கரும்பு, மரவள்ளி, சின்ன வெங்காயம் என்று போகலாம். மற்றவர்களுக்கு வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிதான். ஆவணி, புரட்டாசியில் மண் நனைந்ததும் மக்காச்சோளமும் பருத்தியும் விதைப்பார்கள். தை, மாசியில் அறுவடை முடிகிறபோது காட்டில் மிஞ்சுவது மக்காச்சோளத் தட்டையும், பஞ்சு எடுத்தபின் நிற்கும் காய்ந்த பருத்திச் செடியான மாரும்.

இந்த மிச்சத்தின் எடை சாதாரணமானதல்ல. மக்காச்சோளத்தில் ஒரு டன் மணி எடுத்தால் ஏறத்தாழ அதே எடைக்கோ, கொஞ்சம் கூடுதலாகவோ தட்டை நிற்கும். மணி உதிர்த்த பிறகு கிடைக்கும் சக்கை தனி. பருத்தியில் ஹெக்டேருக்கு இரண்டு முதல் மூன்று டன் மார் மிஞ்சும். நூறு கிலோ கொட்டைப்பருத்தியை அரைத்தால் கிடைக்கும் பஞ்சே 33 முதல் 35 கிலோதான் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பருத்திச் செடி உழைத்து உருவாக்கிய மொத்த எடையில் நாம் பயிரிட்ட நோக்கமான பஞ்சு மிகச் சிறிய பங்கு. மீதியில் பெரும்பகுதி தீக்கோ தெருவோரத்துக்கோ போகிறது. நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் பயிர்க்கழிவு சேர்கிறது என்பது மத்திய அரசின் மதிப்பீடு.

பயிரை மேம்படுத்துவது ஒரு துறை, கழிவைப் பயன்படுத்துவது வேறொரு துறை என்றே வேளாண் ஆராய்ச்சி நெடுங்காலம் பிரிந்து நடந்திருக்கிறது. ஆனால் விவசாயி ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே அதன் கழிவையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். செடி எத்தனை நாள் நிற்கும், தண்டு எவ்வளவு தடிக்கும், இலை பச்சையாக இருக்குமா, காய்ந்து உதிருமா, மாடு தின்னுமா, தின்னாதா என்பதெல்லாம் விதையிலேயே எழுதப்பட்டிருப்பவை. பூலாம்பாடியைச் சுற்றி நடந்திருக்கும் ஆராய்ச்சிகளை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

வேப்பந்தட்டைப் பருத்தி

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையில் இயங்குகிறது. சென்னை சைதாப்பேட்டையில் 1868-இல் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமான நிறுவனம் அது. கோவையில் உருவாகும் ரகம் பெரம்பலூரின் மானாவாரிக் கரிசலில் எடுபடுமா என்பதைக் கோவையிலேயே இருந்து சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்த நிலையம் தேவைப்படுகிறது.

புதிய ரகம் உருவாவது மிகப் பொறுமையான வேலை. பருத்தியில் மறுநாள் காலை மலரவிருக்கும் மொட்டை முதல்நாள் மாலையே அடையாளம் கண்டுகொள்வார்கள். இதழ் லேசாக வெளியே நீட்டியிருக்கும். கட்டைவிரல் நகத்தால் அடியில் ஒரு கீறல் கொடுத்து, இதழையும் அதோடு ஒட்டிய மகரந்தக் குழலையும் சூல்தண்டுக்குச் சேதமில்லாமல் முழுதாகத் திருகி எடுப்பார்கள். நகம் சற்று ஆழமாகப் பட்டால் சூலகம் காயப்பட்டுக் காய் உதிர்ந்துவிடும். வேறு மகரந்தம் படாதிருக்க மொட்டைச் சிறு காகித உறையால் மூடி, மறுநாள் காலை தந்தைச் செடியின் பூவைக் கொண்டுவந்து சூல்முடியில் தடவுவார்கள். அப்படிப் பிடித்த காயின் விதையிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்வு நடக்கும். ஆறேழு தலைமுறைக்குப் பிறகே குணம் நிலைபெறும். பின்னர் நிலையத்துக்குள் சோதனை, பல ஊர்களில் சோதனை, கடைசியாக விவசாயிகளின் சொந்தக் காட்டிலேயே சோதனை. பத்தாண்டுகளை விழுங்கும் இந்த வேலைக்குப் பெரிய விளம்பரம் எதுவும் கிடைப்பதில்லை.

இந்தியப் பருத்தி எடுத்த பாதை தனியானது. உலகில் முதன்முதலாக வணிக அளவில் வந்த வீரிய ஒட்டுப் பருத்தி, குஜராத்தின் சூரத் ஆராய்ச்சி நிலையத்தில் சி.டி. படேல் 1970-இல் தந்த எச்-4. காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைத் தரும் மரபணு சேர்த்த பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தபோது அந்த மரபணுவும் வீரிய ஒட்டு விதைகளிலேயே வந்து சேர்ந்தது. விதை விலை உயர்ந்ததால் விவசாயி செடிக்குச் செடி நிறைய இடம்விட்டு ஊன்றினார். இடம் கிடைத்த செடி புதராகப் பரந்தது. மாதக்கணக்கில் பூத்தது, காய்த்தது, வெடித்தது. ஐந்தாறு முறை ஆள்விட்டுப் பஞ்சு எடுக்க வேண்டியதாயிற்று. தண்டு மரமாக முற்றியது.

இதற்கு மாற்றாக வந்ததே அடர் நடவு. அதற்கென்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம் கோ 17. பக்கவாட்டில் பெருங்கிளை ஓடாமல் ஒல்லியாக நிமிர்ந்து வளரும் செடி. சுமார் 130 நாளில் முடியும். காய்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெடிப்பதால் பஞ்சு எடுக்கும் தடவைகள் குறைகின்றன. இயந்திர அறுவடைக்கும் ஏற்றது. வீரிய ஒட்டு அல்லாத ரகம் என்பதால் விவசாயி தன் விதையைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஆள் கிடைக்காத பெரம்பலூர்க் காடுகளுக்கு இது பெரிய விஷயம். மாரைப் பொறுத்தவரை இதில் இன்னொரு நன்மையும் உண்டு. குறுகிய காலத்தில் முடியும் செடியின் தண்டு அவ்வளவாக முற்றுவதில்லை, தூளாக்குவது எளிது.

சீக்கிரம் முடிவதில் பூச்சிக் கணக்கும் இருக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்தியாவில் பி.டி. நச்சைத் தாங்கப் பழகிவிட்டது. பருவம் முடிந்த பின்னும் காட்டில் நிற்கும் செடியின் அரைகுறைக் காய்களுக்குள் அது தங்கியிருந்து அடுத்த பருவத்துக்குத் தாவுகிறது. தமிழ்நாட்டுப் பருத்தியைத் தாக்கும் தண்டுக் கூன்வண்டின் புழு, தண்டின் அடிப்பகுதியைக் குடைந்து வீங்கவைக்கிறது. ஆகவே மாரைப் பிடுங்கி வீட்டோரம் அடுக்கிவைத்து ஆறு மாதம் அடுப்பெரிக்கும் பழக்கம், புழுவுக்கு நாமே கொட்டில் கட்டிக் கொடுப்பதற்குச் சமம். கடைசி எடுப்பு முடிந்ததும் மாரை அகற்றித் தூளாக்கிவிட வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தூளாக்கிய மாரை என்ன செய்வது? மும்பையில் 1924-இல் தொடங்கப்பட்ட மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகள் உழைத்து விடைகள் தந்திருக்கிறது. பருத்தி மாரின் நார் அமைப்பு வைக்கோலைப் போன்றதல்ல, கடின மரத்துக்கு நெருக்கமானது. அதனால் துகள் பலகை செய்யலாம். அழுத்தி எரிகட்டியாக்கினால் கொதிகலனுக்கு ஆகும். நெல் வைக்கோலில் இருக்கும் அளவுக்குச் சாம்பலும் மணற்சத்தும் இதில் இல்லை. நுண்ணுயிர்க் கலவை சேர்த்து மட்கவைத்தால் தொழுவுரத்துக்கு ஈடான உரம் கிடைக்கும். காளான் படுக்கைக்கும் பயன்படும்.

விடைகள் இருந்தும் காட்டில் மாற்றம் குறைவாக இருக்கக் காரணம் வண்டிவாடகை. மார் கனமில்லாதது, ஆனால் இடத்தை அடைப்பது. டிராக்டர் டிப்பர் நிறைய ஏற்றினாலும் ஒரு டன் சேர்வதே கடினம். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஆலை இருந்தால் மாரின் விலை டீசலுக்கே போய்விடும். எனவே காட்டிலேயே தூளாக்கிக் கட்டியாக்கும் சிறு அலகுகள் ஊருக்கு ஊர் வேண்டும். பக்கத்து மாவட்டமான அரியலூரில் சிமெண்டு ஆலைகளின் சூளைகள் இருக்கின்றன. நிலக்கரியோடு பயிர்க்கழிவையும் சேர்த்து எரிக்க அத்தகைய சூளைகளால் முடியும். எறையூர் சர்க்கரை ஆலை போன்ற ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுப்பது பழகிய தொழில். வாங்க ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில் மார் வீணாவது வருத்தத்துக்குரியது.

மக்காச்சோளம்: மணி நாமக்கல்லுக்கு, தட்டை?

தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம் பெரம்பலூர். இங்கே விளையும் மணியின் முக்கியமான சந்தை நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவனம். இந்தியாவில் மக்காச்சோள ஆராய்ச்சி, நாடு தழுவிய ஒருங்கிணைந்த திட்டமாக 1957-இல் தொடங்கியது. எந்தப் பயிருக்கும் முன்பாக மக்காச்சோளத்துக்குத்தான் இப்படியொரு திட்டம் அமைந்தது. 1961-இல் கங்கா, ரஞ்சித், டெக்கான் என்ற பெயர்களில் முதல் வீரிய ஒட்டுகள் வெளிவந்தன. கோவையிலிருந்தும் கோ எச் (எம்) வரிசையில் பல ஒட்டுகள் வந்தன. கடையில் தனியார் நிறுவன விதைகளே மேலோங்கி நிற்கின்றன என்பதும் உண்மை.

2018-ஆம் ஆண்டை இந்த வட்டாரத்தின் மக்காச்சோள விவசாயிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்டது. அதே பருவத்தில் பெரம்பலூர், அரியலூர்க் காடுகளுக்குள்ளும் புகுந்தது. தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கவல்லது. முட்டையிலிருந்து வெளிவந்த புழு குருத்துக்குள் இறங்கிவிட்டால் மருந்து அதன்மேல் படாது. மேலே இருந்து பார்த்தால் மரத்தூளைப் போல அதன் எச்சம் மட்டுமே குருத்தில் குவிந்திருக்கும்.

அதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த பரிந்துரை ஒற்றை மருந்தல்ல, ஒரு தொகுப்பு. கோடையில் ஆழ உழுதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெளியே வந்து வெயிலிலும் பறவை வாயிலும் மடியும். கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு, விதைநேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, எள் போன்ற பயிர்கள், இனக்கவர்ச்சிப் பொறி, பயிரின் வயதுக்கேற்ற தெளிப்பு என்று அது நீள்கிறது. இந்தத் தொகுப்பு பலன் தருவது ஊரே ஒன்றாகச் செய்தால்தான். ஒருவர் ஆழ உழுது, பக்கத்துக் காட்டுக்காரர் தட்டையை அப்படியே நிற்கவிட்டால் பயனில்லை. இங்கேயும் அறுவடைக்குப் பிறகான நிலமே அடுத்த பருவத்தின் பயிர்ப் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது.

மக்காச்சோளத் தட்டை மாட்டுக்குத் தீவனம் என்று எல்லோரும் சொன்னாலும், முற்றிக் காய்ந்த தட்டையை மாடு விரும்பித் தின்பதில்லை. புரதம் நான்கைந்து சதவீதம்தான். தடித்த தண்டை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் பறிக்கும். இதற்கு எளிய முறை ஒன்று இருக்கிறது. தட்டையைத் துண்டாக நறுக்கி, நூறு கிலோவுக்கு நான்கு கிலோ யூரியாவை ஐம்பது, அறுபது லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறித் தண்டின் இறுகிய நாரைத் தளர்த்துகிறது. திறந்ததும் காரநெடி போகும்வரை ஆறவிட்டுப் போட்டால் மாடு தண்டையும் சேர்த்துத் தின்னும், செரிமானமும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கும், அசைபோடாத கால்நடைக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. அளவை மீறி யூரியா சேர்த்தால் மாடு செத்துப்போகும் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழி, தட்டையின் தரத்தை விதையிலேயே கூட்டுவது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் என்ற பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்த வழியில் போயின. ஐதராபாத்தின் சோளத்தட்டைச் சந்தையை ஆராய்ந்தபோது, செரிமானத் தன்மை ஐந்து புள்ளி கூடுதலாக இருந்த தட்டைக்கு வியாபாரிகள் 20 சதவீதத்துக்கும் மேல் அதிக விலை கொடுப்பது தெரியவந்தது. ஆய்வகக் கருவி இல்லாமலேயே நல்ல தட்டை எது என்று சந்தைக்குத் தெரிந்திருந்தது. அந்த நிறுவனங்கள் முன்வைத்த நிலக்கடலை ரகம் ஐ.சி.ஜி.வி. 91114, ஆந்திரத்தின் அனந்தப்பூரில் காய் விளைச்சலோடு மாடுகளின் பாலையும் கூட்டியது; அதன் கொடி நல்ல தீவனமாக இருந்ததே காரணம். மணி முற்றிய பின்னும் தழை பச்சை மாறாத மக்காச்சோள ஒட்டுகள் இருக்கின்றன. அவற்றை முன்னிறுத்தி வெளியிட்டால் பால்மாடு வைத்திருக்கும் பெரம்பலூர் வீடுகளுக்கு நேரடிப் பயன். ஒரு விதைப் பையின் மேல் மணி விளைச்சல் அச்சிடப்படுகிறது. தட்டையின் தரத்தையும் அச்சிடலாம்.

வெங்காயமும் மரவள்ளியும் முந்திரியும்

செட்டிக்குளம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தால் பெரம்பலூர் பெயர் பெற்றது. சின்ன வெங்காயத்தை வெங்காயத்தையே விதைத்து வளர்ப்பதுதான் வழக்கம். ஹெக்டேருக்கு ஒன்றரை டன் விதை வெங்காயம் தேவை. விலை ஏறிய ஆண்டில் இது மட்டுமே பெரிய முதல். பூத்து விதை பிடிக்கும் கோ 5 ரகத்தைக் கோவை வெளியிட்ட பிறகு, சில கிலோ விதையைக் கொண்டு நாற்றுவிட்டு நடும் வழி திறந்தது. டன் கணக்கில் உணவு வெங்காயம் மண்ணுக்குள் போவது அந்த அளவுக்கு மிச்சம். மழை மிகுந்த பருவத்தில் தாளைச் சுருட்டிக் கழுத்தை நீளவைக்கும் திருகல் நோய், விவசாயிகள் கோழிக்கால் நோய் என்பது, இன்னும் பெரிய தலைவலி. பட்டறையில் மாதக்கணக்கில் காற்றோட்டமாகச் சேமிக்கும் உள்ளூர் முறை நன்றாக இருந்தாலும், நோய் தொற்றிய வெங்காயம் ஒன்று உள்ளே போனால் பக்கத்தில் இருப்பதும் அழுகும். அழுகியதை வரப்போரம் கொட்டினால் நோய் காட்டிலேயே தங்கிவிடும்.

பூலாம்பாடியிலிருந்து ஆத்தூர் பக்கம் போனால் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2020-இல் கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டுக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி, கிழங்கையே பிடிக்காமல் செய்தது. இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவைப் பட்டினிக்குத் தள்ளியபோது, தென் அமெரிக்காவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுபோய் விட்டு அதை அடக்கினார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் வரவழைத்துப் பெருக்கியது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில்தான் அது முதன்முதலாக வயலில் விடப்பட்டது. மருந்துச் செலவில்லாமல் தானாகப் பெருகும் தீர்வு. ஆனால் பூச்சி பிடித்த குச்சியை விதைக்கரணைக்காக ஊர் ஊராக எடுத்துப்போவது நிற்காவிட்டால் குளவியின் வேலை முடிவதே இல்லை.

ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுத்த பின் மிஞ்சும் திப்பியில், உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் இன்னும் மாவுச்சத்தே இருக்கிறது. மாட்டுத்தீவனத்துக்கு ஓரளவு போகிறது. எரிசாராயமும் நுண்ணுயிர்ப் பொருள்களும் தயாரிக்க ஏற்ற மூலப்பொருள் இது என்பது ஆய்வுகளில் உறுதியானது.

அரியலூர் பக்கம் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் முந்திரி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 அங்கே நிலைபெற்ற ரகம். கொட்டையின் எடையைப் போல் ஐந்து முதல் எட்டு மடங்கு எடையுள்ள முந்திரிப்பழம் மரத்தடியிலேயே அழுகுகிறது. கரகரப்புத் தரும் டானின் சத்தை நீக்கிச் சாறும் பாகும் செய்யும் முறைகள் உண்டு. அவற்றை நடத்த ஊரளவில் கூடங்கள் இல்லை.

மண்ணுக்குச் சேரும் பங்கு

எல்லாக் கழிவையும் விற்றுவிட வேண்டும் என்று முடிவுகட்டுவதும் தவறு. தமிழ்நாட்டு மண்ணின் அங்ககக் கரிமம் 1971-இல் 1.20 சதவீதமாக இருந்து, 2002-இல் 0.68 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்கிறது வேளாண் துறையின் கணக்கு. மானாவாரிக் கரிசலில் கரிமம் குறைந்தால் மழைநீரைப் பிடித்துவைக்கும் திறன் குறையும். ஒரு மழை தவறினால் பயிர் வாடும். ஒரு டன் மக்காச்சோளத் தட்டையில் ஐந்தாறு கிலோ தழைச்சத்தும், பத்து கிலோவுக்கு மேல் சாம்பல்சத்தும் இருக்கின்றன. சாம்பல்சத்து உரத்துக்கு நாம் பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். கொளுத்தினால் தழைச்சத்து அநேகமாக முழுவதும் காற்றோடு போகும்.

மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் வழிகளில் தமிழ்நாட்டுக்குச் சொந்தமான சாதனை ஒன்று இருக்கிறது. தென்னைநார்க் கழிவு எளிதில் மட்காத பொருள்; அதன் கரிமம், தழைச்சத்து விகிதம் 112-க்கு 1. கோவை ஆய்வாளர்கள் சிப்பிக்காளான் பூசணத்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காக இட்டு, அதை 24-க்கு 1 என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எளிதில் மட்காத லிக்னின் மிகுந்த பருத்தி மாருக்கும் இதே பாதை பொருந்தும். முதலில் காளான் வளர்த்து ஒரு வருமானம், பிறகு அந்தப் படுக்கையே உரம். ஐதராபாத் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எண்ணெய் டிரம்மை மாற்றியமைத்துக் கரிசுடும் எளிய கலன் ஒன்றை வடிவமைத்தது. மார், தட்டை, துவரைக் குச்சி ஆகியவற்றைக் காற்றைக் கட்டுப்படுத்திச் சுட்டால் கிடைக்கும் கரி, பல்லாண்டுகள் மட்காமல் மண்ணில் நின்று ஈரம் காக்கும்.

இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. தேவைப்படுவது தூளாக்கும் கருவி, அதுவும் வாடகைக்கு, அதுவும் தை, மாசியின் அந்தச் சில வாரங்களுக்குள். வேளாண் பொறியியல் துறையின் வாடகை மையங்களில் உழவுக் கருவிக்கு இருக்கும் இடம் மார் தூளாக்கும் கருவிக்கும் வேண்டும். பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூருக்குச் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. ரகச் செயல்விளக்கத்தோடு அதே வயலில் கழிவுச் செயல்விளக்கத்தையும் அவை சேர்த்து நடத்தினால், விதைப்பு முதல் மார் அகற்றுவது வரை விவசாயி ஒரே இடத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஒரு ரகத்தை வெளியிடப் பரிந்துரைக்கும் குழு, விளைச்சல், நோய் எதிர்ப்பு ஆகியவற்றோடு தட்டையின் தீவனத் தரத்தையும் மாரின் தன்மையையும் கட்டாய அளவுகோலாக்க வேண்டும். அது கோவையில் எடுக்க வேண்டிய முடிவு. அதுவரை விதை வாங்கப் போகும் பூலாம்பாடி விவசாயி கடைக்காரரிடம் மணி எவ்வளவு விளையும் என்று கேட்கும்போதே, தட்டையை மாடு தின்னுமா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்.